மிருதங்கம் பழகிய கைக்கு எந்த டிரம் மெஷின்? பட்ஜெட் 35,000 ரூபாய்

தொப்பி_வலந்தலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் இருக்கிறேன். வயது 27. பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பள்ளியில் படிக்கும்போது ஆறு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். காலேஜ் சேர்ந்ததும் அது அப்படியே நின்றுபோனது. இப்போது இரண்டு வருஷமாக லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்துகொண்டிருக்கிறேன். டெக்னோ என்று சொல்லலாம். ஆனால் எந்நேரமும் நாலு நாலாகப் போகாமல் ஏழு அட்சரம் (எண்ணிக்கை) உள்ள மிஸ்ர சாபிலும் ஐந்து அட்சரம் உள்ள கண்ட சாபிலும் செய்து பார்ப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரச்சினை இதுதான். பகல் முழுக்க ஆபீசில் ஸ்கிரீன். ராத்திரி வீட்டுக்கு வந்தால் மறுபடியும் ஸ்கிரீன், மறுபடியும் மவுஸ். கட்டத்துக்குள் ஒவ்வொரு அடியாகக் கிளிக் செய்து வைக்கும்போது கை சும்மா கிடக்கிறது, கண்தான் தாளம் போடுகிறது. போன வாரம் பரணில் இருந்து மிருதங்கத்தை இறக்கித் துடைத்தேன். இடது பக்கமான தொப்பியின் தோல் காய்ந்து விறைத்திருந்தது. ரவை பிசைந்து ஒட்டினாலும் பேசாது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மடியில் வைத்து 'தகிட தகதிமி' வாசித்தேன். பத்து நிமிஷத்தில் விரலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. லேப்டாப் இல்லாமல் தனியாக ஓடும், தாளத்தை அடுக்கி வைத்து வாசிக்கும் ஒரு டிரம் மெஷின் வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மூன்றை மனதில் வைத்திருக்கிறேன்: கோர்க் வோல்கா பீட்ஸ், ரோலண்ட் டிஆர்-6எஸ், எலக்ட்ரான் மாடல் சாம்பிள்ஸ். இவற்றில் வோல்காவுக்குப் புதிதாகவே என் பணம் போதும். மற்ற இரண்டும் பழையதாகக் கிடைத்தால்தான் அடங்கும். பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் கிக், அதாவது பெரிய டிரம்மின் 'தும்' சத்தம், எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதையே காட்டுகிறார்கள். ஏழு அட்சரத்தில் ஓட்டி யாரும் காட்டவில்லை. பக்கத்து அறையில் பாட்டி தூங்குவதால் பெரும்பாலும் ஹெட்போனில்தான் வாசிப்பேன். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

பிளக்_பாயிண்ட் எழுதியது:

மேடம், மதுரையில் கீபோர்டு, மிக்ஸர், ஆம்ப் சர்வீஸ் செய்கிறேன். எது நல்லது என்று சொல்ல எனக்கு இசை தெரியாது. எது என் டேபிளுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியும்.

வோல்கா வாங்கினால் அடாப்டரில் கவனம். அது 9 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். கிடார் பெடலுக்கு வரும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை நெகட்டிவ். ஓட்டை ஒரே மாதிரி இருப்பதால் வீட்டில் கிடக்கிற பெடல் அடாப்டரைச் செருகிவிடுகிறார்கள். அடாப்டர் மேல் வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். இல்லையென்றால் ஆறு பென்சில் பேட்டரி போட்டு ஓட்டுங்கள், வம்பே இல்லை. பழைய வோல்கா பீட்ஸ் வாங்கினால் உள்ளே யாராவது சால்டரிங் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் ஸ்னேர் (சின்ன டிரம்) சத்தம் சப்பென்று இருப்பதால் ஒரு கெபாசிட்டரை மாற்றிச் சரிசெய்கிற வழக்கம் உண்டு. ஒழுங்காகச் செய்திருந்தால் நல்லதுதான்.

அப்புறம், மெஷினுக்கு லேப்டாப்பின் யுஎஸ்பியில் இருந்தே கரண்ட் எடுத்து, அதே லேப்டாப் சார்ஜரிலும் இருந்து, சத்தம் ஆம்ப்புக்கும் போனால், 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல் வரலாம். மெஷின் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் அது எர்த் லூப், மெஷினில் ஒரு குறையும் இல்லை.

கட்டம்_கட்டமாய் எழுதியது:

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். லேப்டாப்பில் ஏற்கெனவே உங்களுக்கு எல்லாம் இருக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோ என்கிற இசை மென்பொருள் முதலில் வந்ததே நாலு தட டிரம் மெஷினாகத்தான். அதன் படிக்கட்டத்தில் ஏழு என்ன, பதினோரு அட்சரம் வேண்டுமானாலும் போடலாம். 16 பேட் உள்ள, லேப்டாப்பில் செருகித் தட்டி வாசிக்கும் ஒரு மிடி கன்ட்ரோலர் வாங்கினால் போதும், பட்ஜெட்டில் பாதிகூட ஆகாது. மிச்சத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். நான் மூன்று டிரம் மெஷின் வாங்கி மூன்றையும் விற்றவன். பேட்டர்ன் எல்லாம் கடைசியில் லேப்டாப்புக்குத்தான் வந்து சேர்ந்தது.

நெல்லை_ஆக்டோபேட் எழுதியது:

தங்கச்சி, நான் மெல்லிசைக் குழுவில் 22 வருஷம் ஆக்டோபேட் என்கிற எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசித்தவன். கோவில் கொடை சீசன் வந்தால் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று ஒரு ஊரில் இறங்கி அடுத்த ஊருக்கு வேன் ஏறுவோம். தோள்பட்டை வலியால் மேடையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. அந்த எட்டு வருஷத்தில் நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டையும், பட்டியலில் இல்லாத ஒன்றையும் வாங்கி வைத்து வாசித்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. கை சும்மா கிடக்கிறது என்று எழுதினீர்களே, மேடையை விட்ட முதல் வருஷம் எனக்கும் அதேதான்.

முதலில் ஒன்று. சத்தத்தைக் கேட்டு மெஷின் வாங்காதீர்கள். அடிக்கு அழுத்தம் உண்டா, ஒவ்வொரு தடத்துக்கும் (சத்தத்துக்கு ஒரு தடம்) தனி நீளம் வைக்க முடியுமா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

1980-இல் இரண்டு மெஷின் வந்தன. ஒன்று அமெரிக்காவில் ரோஜர் லின் செய்த எல்எம்-1. நிஜ டிரம்மை வாசித்துப் பதிந்து சிப்பில் ஏற்றியிருந்தார். விலை 5,000 டாலரை ஒட்டி. இன்னொன்று ஜப்பானில் ரோலண்ட் செய்த டிஆர்-808. அதில் பதிவு எதுவும் கிடையாது, எல்லாச் சத்தமும் சர்க்யூட்டில் இருந்தே பிறக்கும். விலை 1,195 டாலர். நிஜ டிரம் மாதிரி இல்லவே இல்லை என்றார்கள். அது இருக்கவும் முடியாது. அதில் வருகிற அந்தச் 'சீறல்' சத்தத்துக்காகவே, தரச் சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களைப் பொறுக்கி எடுத்துப் போட்டிருந்தார்கள். தொழில்நுட்பம் முன்னேறி அப்படிப்பட்ட பழுதான டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போனதும் 1983-இல் 808 நின்றது. மொத்தம் 12,000 மெஷின் அளவுதான் செய்திருந்தார்கள். நீங்கள் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பதால் இது உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதினேன்.

அப்புறம் அது பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் கையில் காசில்லாத பையன்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். நம் நாட்டிலும் ஒருவர் அதைத் தொட்டிருக்கிறார். பம்பாயில் சினிமாப் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 808-ஐயும் ரோலண்டின் டிபி-303 பேஸ் மெஷினையும் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரையும் சேர்த்து ஓட்டி, அதன் மேல் ராகங்களை வாசித்து 1982-இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2010-இல் மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகமெல்லாம் தேடிக் கேட்டார்கள். கிக் சத்தம் தபலா மாதிரி இல்லையே என்று அவர் நினைத்திருந்தால் அந்தத் தட்டு வந்திருக்காது. மெஷினை வாசிக்க முடிந்ததா என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்.

சரி, அழுத்தத்துக்கு வருகிறேன். ஒரு கொடையில் எங்கள் டோலக்காரருக்கு வழியில் வண்டி நின்றுவிட்டது. நான் அப்போது குழுவுக்குப் புதிது, அவர் பங்கை எடுத்து வாசிக்கிற அளவுக்குத் தைரியம் இல்லை. கீபோர்டில் இருந்த ஆட்டோ ரிதத்தைப் போட்டு முதல் நாலு பாட்டை ஓட்டினோம். தாளம் ஒரு இழை பிசகவில்லை. ஐந்தாவது பாட்டுக்கு முன்னால் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மேடை ஓரமாக வந்து, "எல்லா அடியும் ஒண்ணு போல விழுதே தம்பி, யாரு வாசிக்கா?" என்று கேட்டார். அவருக்குச் சங்கீதம் தெரியாது, வாழைத்தோப்பு வைத்திருப்பவர். ஆனால் காதுக்குத் தெரிந்துவிட்டது.

வோல்கா பீட்ஸில் அதே பெரியவர் அதே கேள்வியைத்தான் கேட்பார். கிக் அருமையான கிக், நிஜ அனலாக் சர்க்யூட். விலைக்கு அதைவிட நல்ல கிக் நான் கேட்டதில்லை. ஆனால் ஓர் அடியை மெல்லவும் அடுத்த அடியை ஓங்கியும் வைக்க வழி இல்லை. பேட்டர்ன் சேமிக்க எட்டே இடம். மிஸ்ர சாபுக்காக 16 ஸ்டெப்பில் (அடி வைக்கிற கட்டத்தில்) கடைசி இரண்டை அணைக்கலாம், 14 ஆகிவிடும். ஆனால் எல்லாத் தடமும் சேர்ந்தேதான் 14 ஆகும். கிக் 16-இல் ஓட, மற்றது 14-இல் ஓட வேண்டும் என்றால் முடியாது.

அது ஏன் வேண்டும் என்றால், இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கிக் தடம் 16 ஸ்டெப், நாலுக்கு ஒரு அடி. தொப்பித் தடம் 14 ஸ்டெப், அட்சரத்துக்கு இரண்டு ஸ்டெப் என்று தகிட தகதிமி. இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். முதல் சுற்று முடியும்போது தொப்பி இரண்டு ஸ்டெப் முந்திக்கொள்ளும், அடுத்ததில் நாலு, அதற்கடுத்ததில் ஆறு. கிக் அசையாமல் நிற்க, சாபு அதன் மேல் நழுவிக்கொண்டே போகும். கிக் 7 சுற்று, சாபு 8 சுற்று, மொத்தம் 112 ஸ்டெப் ஆனதும் இரண்டும் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், ஒன்றாக வந்து விழும். 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 தட்டு) வேகத்தில் அதற்குச் சரியாக 14 விநாடி. கோர்வை முடிந்து சமத்தில் இறங்குகிற அதே நிம்மதி உடம்பில் வரும். முதல் முறை நான் இதை ஓட்டியபோது ராத்திரி பதினொன்றரை மணி. ஒரு பட்டனையும் தொடாமல் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மாடல் சாம்பிள்ஸில் இது முடியும். ஆறு தடம், ஒவ்வொன்றுக்கும் தனி நீளம், 64 ஸ்டெப் வரை. ஒவ்வொரு தடத்துக்கும் தனி வேகமும் வைக்கலாம். ஆறு பேடும் விரல் அழுத்தத்தை உணரும். ஒரு ஸ்டெப்புக்கு மட்டும் சுருதியை, சத்தத்தின் நீளத்தை மாற்றிப் பூட்டி வைக்கலாம். அந்தப் பட்டனைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருகினால் போதும். இது இடது கையும் வலது கையும் சேர்ந்து செய்கிற வேலை, உங்களுக்கு உடனே பிடிபடும். எல்லாவற்றையும்விட, உங்கள் மிருதங்கத்தின் சத்தத்தையே அதில் ஏற்றலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அது தானாகப் பதிவு செய்யாது. வேறெதிலாவது பதிந்து லேப்டாப் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். சாம்பிள், அதாவது ஏற்றுகிற துண்டுச் சத்தம், மோனோ மட்டும். பேட் சின்னது, விரல் நுனிக்குத்தான் இடம், உள்ளங்கைக்கு இல்லை. உள்ளே பேட்டரி கிடையாது.

பட்டியலில் இல்லாத ஒன்று என்றேனே, அது ஆர்டூரியா டிரம்புரூட் இம்பாக்ட். சத்தம் முழுக்க அனலாக், தடத்துக்குத் தனி நீளமும் உண்டு, பேடும் பெரிது. ஆனால் நம் சத்தத்தை ஏற்ற முடியாது. மிருதங்கம் பழகாத ஒருவர் கேட்டிருந்தால் அதையே முதலில் சொல்லியிருப்பேன்.

ஒரு சின்ன யோசனை. 808-இல் அந்த 16 பட்டனையும் நாலு நாலாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நிறம் பிரித்திருந்தார்கள். நிறம் இல்லாத மெஷினிலும் கண் நாலு நாலாகவே பார்த்துப் பழகிவிட்டது. அதுவே ஒரு சதுஸ்ர நடை. மிஸ்ர சாபில் தகிடவின் தொடக்கம் 1-ஆம் பட்டன், தகதிமியின் தொடக்கம் 7-ஆம் பட்டன். ஏழாவது என்பது இரண்டாம் கூட்டத்தின் நடுவில் விழும், கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து 1-இலும் 7-இலும் ஒட்டிவிடுங்கள். கண்ட சாபுக்கு 1, 5. என் மெஷினில் என் மகள் ஒட்டிக்கொடுத்த பொட்டு இன்னும் இருக்கிறது.

கட்டம்_கட்டமாய் தம்பி சொன்னதும் தப்பில்லை. லேப்டாப்பில் எல்லாம் முடியும்தான். ஆனால் தங்கச்சி கேட்டது என்ன முடியும் என்பது இல்லை, கை எங்கே இருக்கும் என்பது.

கடைக்குப் போனால் உங்கள் ஹெட்போனைக் கொண்டுபோங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்தாமல், ஒரு தடத்தின் நீளத்தை 16-இல் இருந்து 14 ஆக்கச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம் ஒரே பேடில் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று அடி. கண்ணை மூடிக்கொண்டு மூன்றும் வேறு வேறாகக் கேட்கிறதா பாருங்கள்.

தொப்பி_வலந்தலை எழுதியது:

அண்ணா, மூன்று முறை படித்தேன். 112 ஸ்டெப் கணக்கை லேப்டாப்பில் உடனே போட்டுக் கேட்டேன். சமத்தில் வந்து விழும்போது உடம்பு சிலிர்த்தது. இதைத்தான் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

பிளக்_பாயிண்ட் சார், ரொம்ப நன்றி. எங்கள் வீட்டில் தம்பியின் பெடல் அடாப்டர் ஒன்று கிடக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அதைத்தான் செருகியிருப்பேன்.

டிஆர்-6எஸ் பற்றி யாராவது சொல்ல முடியுமா? நண்பி ஒருத்தி பேஸ் சிந்த் வாசிக்கிறாள். இரண்டு பேருமாக ஒரு சின்ன இடத்தில் வாசிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்காபரோ_இரவு எழுதியது:

வணக்கம் தங்கச்சி, நான் டொராண்டோ ஸ்காபரோவில் இருக்கிறேன். டிஆர்-8எஸ் பாவிக்கிறேன், பயணம் போகும்போது டிஆர்-6எஸ் கொண்டு போவேன். நெல்லை அண்ணன் சொன்னது வடிவாக இருக்குது, ஆனால் மேடை என்று வந்தால் நான் கொஞ்சம் மாறித்தான் சொல்லுவேன்.

ஆட வந்த சனத்துக்கு எத்தனை அட்சரம் என்று தெரியாது. கிக் எப்போது போனது, எப்போது திரும்பி வந்தது என்பதுதான் காலுக்குத் தெரியும். டிஆர்-6எஸ்ஸில் ஆறு தடத்துக்கும் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஆறு ஃபேடர் நேரே கைக்குக் கீழே இருக்கும். கிக்கை மெதுவாக இறக்கி, ஹை-ஹேட்டை (இரட்டைச் சிம்பல் சத்தத்தை) மட்டும் விட்டு, எட்டு பார் கழித்துக் கிக்கைத் திரும்ப ஏற்றினால் இடமே எழும்பும். டெட்ராய்ட்டின் டெக்னோ கலைஞர் ஜெஃப் மில்ஸ் ரோலண்டின் ஒற்றை டிஆர்-909-ஐ மேடையில் வைத்து வாசிக்கிறதைப் பார்த்தால் விளங்கும். நின்ற நிலையில் இரண்டு கையாலும் மத்தளம் மாதிரி அந்த மெஷினை ஆளுகிறார். 909 வந்தது 1983-இல். கிக், ஸ்னேர் எல்லாம் சர்க்யூட், ஹை-ஹேட்டும் சிம்பலும் மட்டும் பதிவு செய்த சத்தம். அந்த இரண்டும் கலந்ததுதான் இன்றைக்கும் டெக்னோவின் குரல். டிஆர்-6எஸ்ஸுக்குள் 808, 909 இரண்டின் சர்க்யூட்டையும் கணக்குப் போட்டுத் திருப்பிச் செய்து வைத்திருக்கிறார்கள். என் காதுக்கு அது போதும்.

கார்டு வழியாக உங்கட சாம்பிளையும் ஏற்றலாம். நாலு பென்சில் பேட்டரியில் ஓடும், யுஎஸ்பியிலும் ஓடும். இங்கே ஒரு முறை ஹால் ஒன்றில் நிகழ்ச்சிக்கு நடுவில் கரண்ட் போய் ஸ்பீக்கர் எல்லாம் நின்றது. திரும்பி வந்தபோது லேப்டாப்காரர் தன் சவுண்ட் கார்டை மறுபடி பிடிக்க ஐந்து நிமிஷம் போராடினார். என் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது, ஃபேடரை ஏற்றினதுதான் வேலை.

நெல்லை_ஆக்டோபேட் எழுதியது:

ஸ்காபரோ தம்பி சொல்வது உண்மை, ஆட்டத்துக்கு அதுதான். ஃபேடர் என்பதும் கைதான், நான் அதை மறந்துவிட்டேன். மாடல் சாம்பிள்ஸில் ஆறு தடத்துக்கும் சேர்த்து ஒரே குமிழ் வரிசை. தடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் திருக வேண்டும். இரண்டு தடத்தை ஒரே நேரத்தில் ஏற்றி இறக்குவது சிரமம்.

தங்கச்சி, வாரத்தில் ஆறு ராத்திரி பாட்டி தூங்குகிற வீட்டில் ஹெட்போனில் வாசிக்கப் போகிறீர்கள், என்றைக்கோ ஒரு நாள் மேடை. ஆறு ராத்திரிக்கு வாங்குங்கள் என்பேன். ஆனால் இரண்டையும் தொட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

தொப்பி_வலந்தலை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். கடைக்காரர் பொறுமைசாலி, டீகூட வாங்கிக் கொடுத்தார்.

வோல்காவை முதலில் எடுத்தேன், கிக் அவ்வளவு அழகு. ஆனால் அண்ணன் சொன்ன மூன்று அடியில் அது நின்றுவிட்டது. டிஆர்-6எஸ்ஸை விட்டு வருவதுதான் கஷ்டமாக இருந்தது. ஃபேடரைத் தொட்டதும் ஸ்காபரோ அண்ணா சொன்னது புரிந்தது. மெல்லடி, அக்சென்ட் எல்லாம் அதிலும் இருக்கிறது, ஆனால் அதைப் பட்டனில் குறித்துச் சொல்ல வேண்டும். மாடல் சாம்பிள்ஸில் விரலே சொல்லிவிடுகிறது. கடையில் இருந்த ஒரு சாதாரணத் தாளவாத்தியச் சத்தத்திலேயே 'தகதிமி'யில் 'தி'யை மட்டும் அடக்கி வாசித்தேன். அது அடங்கி விழுந்தது. அப்புறம் வேறு எதையும் பார்க்கவில்லை.

புதிது என் பணத்துக்கு மேல். பெங்களூரில் ஒருவரிடம் பழையது கிடைத்தது. ஒரு குமிழ் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, வேலை செய்கிறது. மிச்சப் பணத்தில் மிருதங்கத்துக்குத் தொப்பித் தோல் மாற்றினேன். கடையில் அந்தப் பெரியவர் வாரை இழுத்துக் கட்டிவிட்டு, கட்டையால் தட்டித் தட்டி ஒவ்வொரு கண்ணாகச் சுருதி பார்த்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் மிருதங்கத்தின் 'நம்' கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையின் ஜன்னலைச் சாத்தி, சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து, போனிலேயே பதிந்தேன். ஒன்பது சொல், ஒவ்வொன்றும் மெல்ல, நடுத்தரம், ஓங்கி. மொத்தம் 27 துண்டு. முதல் தடவை பதிந்ததைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. ஃபேன் ஓடியிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை, போனுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டாம் தடவை ஃபேனை நிறுத்தி வியர்த்துக்கொண்டே பதிந்தேன். அந்தத் துண்டுகள் இப்போது மெஷினில் இருக்கின்றன. 1-இலும் 7-இலும் பொட்டு ஒட்டியாகிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. கும்கி சரியாக வரவில்லை. தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறுமே, அதை ஒரு துண்டாகப் பதிந்து போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஏறுகிறது. நாலாவது சுற்றில் காது சலித்துவிடுகிறது.

நெல்லை_ஆக்டோபேட் எழுதியது:

தோல் மாற்றினீர்கள் என்று படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது தங்கச்சி.

கும்கியைப் பதிந்த துண்டை எடுத்துவிடுங்கள். வெறும் 'தொம்' மட்டும் ஒரு தடத்தில் வையுங்கள், நீளமாக ஒலிக்கிற துண்டாக இருக்கட்டும். அந்தத் தடத்தின் எல்எஃப்ஓவை (ஒரு குணத்தைத் தானே ஏற்றி இறக்கும் அமைப்பு) பிட்சுக்கு, அதாவது சுருதிக்கு, திருப்புங்கள். அது சுற்றிச் சுற்றி ஓடாமல், ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை ஓடி நிற்கிற நிலையில் வையுங்கள். டெப்த்தை, அதாவது எவ்வளவு ஏற வேண்டும் என்ற அளவை, நேராகவும் எதிராகவும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம்.

அடுத்ததுதான் முக்கியம். தடம் முழுவதற்கும் டெப்த்தைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு, கும்கி வேண்டிய ஸ்டெப்பை மட்டும் பிடித்துக்கொண்டு டெப்த்தைக் கூட்டிப் பூட்டுங்கள். ஒரு ஸ்டெப்பில் கொஞ்சம், இன்னொன்றில் அதிகம், மூன்றாவதில் எல்எஃப்ஓ வேகத்தையும் குறைத்து இழுவையாக. தடத்தின் நீளத்தை 28 ஆக்கினால் இரண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) வேறு வேறு கும்கி வைக்கலாம், 42 என்றால் மூன்று. 64-க்குள் நாலு ஆவர்த்தனம் அடங்கும்.

நீங்கள் நிஜத்தில் எங்கே இழுப்பீர்கள் என்று முதலில் மிருதங்கத்தில் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கும்கி போடுகிறவர் கிடையாது. இரண்டாவது ஆவர்த்தனத்தின் கடைசித் 'தகதிமி'யில் ஒன்று வைத்தாலே போதும் என்று என் கை சொல்கிறது. உங்கள் கை வேறு சொல்லலாம். பேட்டர்னைப் பதிந்து இங்கே போடுங்கள், ராத்திரி ஹெட்போனில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.